‘நீங்க வந்து உக்காந்தாலே கை நடுங்குது டீச்சர்’

கேள்வி: வள்ளியூர் பக்கம் அரசு உதவிபெறும் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணக்குப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஜூனில் எங்கள் பள்ளிக்கு இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். ஒருவர் கணக்கு; கோவில்பட்டிப் பிள்ளை, இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். இன்னொருவர் தமிழ், நாகர்கோவிலில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். ‘ரெண்டு பேரையும் நீங்கதான் பாத்துக்கணும் டீச்சர்’ என்று தலைமை ஆசிரியரான பெரிய சார் என்னிடம் சொல்லிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. கணக்கு டீச்சரின் ஏழாம் வகுப்பில் இரண்டு தடவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, பதினாறு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அழுதுவிட்டார். ‘நீங்க வந்து உக்காந்தாலே கை நடுங்குது டீச்சர்’ என்கிறார். ஆடி முடிந்துவிட்டது, காலாண்டுத் தேர்வு வரப்போகிறது, அவர் வகுப்பில் சத்தம் அடங்கவில்லை. வேலையை விட்டுப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் வாரம் முழுக்கப் பாடவேளை. எங்கே தொடங்குவது?
– ஒரு மூத்த ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர்,

அக்கறை இல்லாதவரால் பதினாறு குறிப்பு எழுத முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை அதை எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று பாருங்கள். நம் பள்ளிக்கூடங்களில் ஒருவர் நோட்டும் பேனாவுமாகக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆய்வு. ஆய்வுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் உட்காருகிறார்கள், குறிப்பதை மேலே அனுப்புகிறார்கள். வேலையில் சேர்ந்து சில மாதம் ஆனவர், தகுதிகாண் பருவத்தை இனிமேல்தான் முடிக்க வேண்டியவர், வேறென்ன நினைப்பார்? உங்கள் முகத்தைப் பார்த்து வந்த பயமில்லை அது. நீங்கள் உட்கார்ந்த இடமும் நோட்டும் கொண்டுவந்த பயம்.

அதனால் வகுப்பறைக்கு அடுத்த தடவை போவதற்கு முன்னால் பெரிய சாரின் அறைக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். ஒன்று, நீங்கள் எழுதும் குறிப்பு யாருக்குச் சொந்தம். இரண்டு, இந்த வேலைக்கு நேரம் எது. இந்த இரண்டும் முடிவாகாமல் நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது ஆய்வாகவே இருக்கும், அல்லது அவசரத்தில் நின்றுபோகும்.

குறிப்பைப் பற்றி முதலில். வழிகாட்டுகிறவரும் மதிப்பிடுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் புதியவர் தன் பலவீனத்தை ஒளிக்கத்தான் பார்ப்பார். ஒளித்ததை யாராலும் திருத்த முடியாது. ஆகவே பெரிய சாரிடம் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்: வகுப்பு எப்படி இருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவரே போய்ப் பார்க்கட்டும். உங்களிடம் கேட்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு வரி மட்டும் நீங்கள் தருவீர்கள்: எத்தனை முறை சந்தித்தீர்கள், எதைப் பற்றிப் பேசினீர்கள். வகுப்பில் எழுதிய தாளை அன்றைக்கே அந்த டீச்சர் கையில் கொடுத்துவிட வேண்டும். நகல் உங்களிடம் இருக்கக் கூடாது. இதற்கு ஒரே விலக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு. அடி, பாலியல் தொந்தரவு, சாதி பார்த்து நடத்துவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. பாலியல் தொந்தரவு என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். இந்த விலக்கையும் சேர்த்து முதல் நாளே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும்.

அடுத்தது நேரம். ‘ஃப்ரீயா இருக்கும்போது பேசிக்குவோம்’ என்று விட்டால் அது நடக்கவே நடக்காது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் இருந்து புது ஆசிரியருக்கு இரண்டு வருட அறிமுகக் காலம் உண்டு. முதல் வருடம் பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் வருடம் 5 சதவீதமும் குறைத்துத் தருகிறார்கள், வழிகாட்டியோடு உட்கார்வதற்கும் பயிற்சிக்கும். நம்மிடம் அப்படி உத்தரவு இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான்: வாரம் 28 பாடவேளை எடுப்பவருக்குப் பத்து சதவீதம் என்றால் ஏறக்குறைய மூன்று. மூன்று கிடைக்காது, இரண்டு கேளுங்கள். பாடவேளையைக் குறைக்கக்கூட வேண்டாம். உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை வருகிற மாதிரி கால அட்டவணையில் இரண்டு இடம் மாற்றினால் போதும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது தயாரிப்பு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. யாராவது ‘சும்மா உக்காந்து பேசுறதுக்கு நேரமா’ என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு பாடவேளையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். யாராவது விடுப்பு எடுத்தால் பதிலி வகுப்புக்கு முதலில் அனுப்பப்படுவது யார்? புதிதாக வந்த சின்னப் பிள்ளைதான். ஆகவே பதிலி நோட்டு போடுகிறவரிடம் அந்த இரண்டு கட்டத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டி, அரையாண்டு வரைக்கும் அதில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பைப் பறித்து நேரம் உண்டாக்காதீர்கள்.

இனி அந்தக் கணக்கு டீச்சரிடம் வருவோம். பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: நியமன ஒப்புதல் வந்துவிட்டதா? உதவிபெறும் பள்ளியில் கல்வி அலுவலக ஒப்புதல் வரும்வரை அரசு சம்பளம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். புதியவருக்கு அது மாதக்கணக்கில் இழுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அறை வாடகை, சாப்பாடு, வார இறுதியில் கோவில்பட்டி போய்வர பஸ் செலவு, இத்தனைக்கும் வீட்டில் கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் ஏழாம் வகுப்பின் சத்தத்துக்காக மட்டும் அழுதிருக்க மாட்டார். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, ஏதாவது சான்றிதழ் குறைகிறதா என்று அலுவலக உதவியாளரிடம் அவரையும் கூட்டிக்கொண்டுபோய்க் கேளுங்கள். பட்டச் சான்றிதழ்களுக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் தேர்வுத்துறைக்கும் இப்போதே எழுதவில்லை என்றால், தகுதிகாண் பருவம் முடிக்கும் நேரத்தில் அதுவே தடையாக வந்து நிற்கும். பணிப்பதிவேடு தொடங்கியாயிற்றா, அதில் சேர்ந்த நாள் முற்பகலா பிற்பகலா என்பது சரியாக இருக்கிறதா என்று அவரே கண்ணால் பார்க்கட்டும். இதெல்லாம் வழிகாட்டியின் வேலையா என்று தோன்றலாம். முதல் மூன்று மாதத்தில் இதுதான் பெரிய வேலை.

இதோடு சேர்ந்தது, யாரும் வாய்திறந்து சொல்லாத பள்ளி வழக்கங்கள். தற்செயல் விடுப்பு வேண்டுமென்றால் யாருக்கு, காலை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் முறையில் வருகைப் பதிவு எத்தனை மணிக்குள்? பாடக்குறிப்பு எந்தக் கிழமை பெரிய சார் மேசைக்குப் போக வேண்டும்? மதியச் சாப்பாட்டு வரிசையை யார் பார்ப்பது? பெற்றோர் யாராவது வந்து கத்தினால் அவரை எங்கே உட்கார வைத்து யாரை அழைப்பது? ஒரே பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அச்சடித்த கையேடு இதற்கு உதவாது, ஒவ்வொரு பள்ளிக்கும் இது வேறு.

இன்னொன்றையும் தடுக்க வேண்டும். ‘சின்ன டீச்சர், கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்’ என்று எமிஸ் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், விழா அழைப்பிதழ் எல்லாம் அவர் தலையில் வந்து விழுந்திருக்கிறதா பாருங்கள். போதாக்குறைக்கு யாரும் விரும்பாத வகுப்பும் புதியவருக்குத்தான் போகும். இருபது வருட அனுபவம் உள்ளவர் திணறும் பிரிவை முதல் வருடக்காரரிடம் கொடுத்துவிட்டு, பிறகு அவருக்கு வகுப்பு நிர்வாகம் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம். அந்த ஏழாம் வகுப்பு அப்படி ஒரு பிரிவு என்றால், வாரத்தில் ஒரு பாடவேளை நீங்கள் இருவரும் சேர்ந்தே அதை எடுங்கள்.

இப்போது பாடம். கிடைத்த இரண்டு பாடவேளையில் ஒன்றை முழுக்க இதற்கே வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த வாரப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழும்? அமெரிக்காவில் தாமஸ் ஸ்மித்தும் ரிச்சர்டு இங்கர்சாலும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், புது ஆசிரியர் வேலையை விட்டுப் போகாமல் இருக்க அதிகம் உதவியவற்றில் இரண்டு முன்னால் நின்றன: அதே பாடத்தைச் சேர்ந்த வழிகாட்டி, அதே பாட ஆசிரியர்களோடு சேர்ந்து திட்டமிடும் நேரம். பொதுவான அறிவுரை அந்த அளவுக்குத் தாங்காது. ‘கலகலப்பா நடத்துங்க’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

உதாரணத்துக்கு ஏழாம் வகுப்பு முழுக்களின் கழித்தலையே எடுங்கள். (−5) − (−3) எவ்வளவு என்று கேட்டால் பாதி வகுப்பு −8 என்று சொல்லும். ஏன்? ‘குறி ஒண்ணா இருந்தா கூட்டு’ என்ற கூட்டல் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து போடுகிறார்கள். புதியவர் இதைக் கண்டதும் ‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ என்று இன்னொரு விதியைச் சொல்லிக்கொடுப்பார். அடுத்த வாரம் (−5) + (−3)க்கும் பிள்ளைகள் அதையே போட்டு +8 என்பார்கள். இந்தச் சங்கிலி உங்களுக்குப் பழக்கம். அவருக்கு இது முதல் தடவை. உங்கள் அனுபவத்தில் அவருக்கு உண்மையாகப் பயன்படுவது இதுதான்.

இருவரும் மேசையில் புளியமுத்தையும் வெள்ளைச் சோழியையும் வைத்துச் செய்து பாருங்கள். ஒரு புளியமுத்து −1, ஒரு சோழி +1. ஐந்து புளியமுத்து வைத்து அதில் மூன்றை எடுத்தால் மிச்சம் இரண்டு, ஆக −2. இது எளிது. (+3) − (−2) வரும்போதுதான் நிற்கும்: மூன்று சோழி மட்டுமே இருக்கிறது, எடுப்பதற்குப் புளியமுத்து இல்லையே? அப்போது ஒரு முத்தும் ஒரு சோழியும் சேர்ந்தால் பூச்சியம் என்பதை வைத்து, அப்படி இரண்டு சோடியை உள்ளே கொண்டுவர வேண்டும். மதிப்பு மாறாது. இப்போது இரண்டு முத்தை எடுத்துவிட்டால் ஐந்து சோழி நிற்கும், ஆக +5. பூச்சியச் சோடியை முந்தைய நாளே பழக்காமல் இந்தக் கணக்குக்குப் போனால் பிள்ளைகளுக்கு அது கண்கட்டு வித்தையாகத் தெரியும். நாலு பிள்ளைக்கு ஒரு கூட்டம். கூட்டத்துக்குப் பத்து முத்து, பத்து சோழி. சோழி இல்லையென்றால் வெள்ளைக் கூழாங்கல். பையை யார் எடுத்துவருவது, எப்போது திருப்பி வாங்குவது என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும். வாங்காமல் பாடத்தைத் தொடர்ந்தால் மிச்சப் பாடவேளை முழுக்க முத்துச் சத்தம்தான் கேட்கும்.

உங்கள் பழைய பாடக்குறிப்பு நோட்டை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அவர் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். எதற்காக அந்தக் கணக்கை மூன்றாவதாக வைத்தீர்கள் என்பது தெரியாமலே போய்விடும். எங்கே தடுக்கும் என்று மூன்று இடத்தை அவரே சொல்லட்டும், விட்டுப்போனதை நீங்கள் சேருங்கள்.

இனிமேல் வகுப்புக்குள் போவது. இரண்டு வாரத்துக்கு நீங்கள் போக வேண்டாம், அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும். வரும்போது அவர் கையில் ஒரே ஒரு கேள்வி இருக்க வேண்டும். முதல் வாரம்: டீச்சர் உள்ளே நுழைந்ததில் இருந்து முதல் ஐந்து நிமிடம் என்ன செய்கிறார்? நீங்கள் வாசலில் ஒரு விநாடி நிற்பது, பேசுவதற்கு முன்னால் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிடுவது, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே நடந்தபடியே வருகையைக் குறிப்பது என்று எத்தனையோ உங்களுக்குத் தெரியாமலே செய்வீர்கள். கேட்டால் உங்களால் சொல்லக்கூட முடியாது. அவர் எழுதிக் காட்டும்போது இருவருக்கும் தெரியும். அவர் வகுப்பின் சத்தம் பெரும்பாலும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் பிறக்கிறது: செய்ய வேலை இல்லாத நாற்பது பிள்ளைகள், பதிவேட்டில் தலையைக் கவிழ்த்திருக்கும் டீச்சர்.

மூன்றாம் வாரம் அவர் கூப்பிட்டால் நீங்கள் போங்கள். 15 நிமிடம் போதும். கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள். பக்கவாட்டில், ஜன்னல் ஓரம், பிள்ளைகளின் முகம் தெரியும் இடத்தில் உட்காருங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பிள்ளைகளைத்தான். என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதை முந்தைய நாளே அவரோடு பேசி ஒன்றாக முடிவு செய்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கேள்வி யாருக்குப் போகிறது? ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னால் ஓரத்தில் ஒரு கோடு. டீச்சரே பதில் சொல்லிவிட்டால் ஒரு வட்டம். நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தைகூட அந்தத் தாளில் இருக்கக் கூடாது.

பெரும்பாலும் தாள் இப்படித்தான் வரும்: 15 நிமிடத்தில் 19 கேள்வி. அதில் 11 ‘எல்லாரும் சொல்லுங்க’. பெயர் சொல்லிக் கேட்டது 8, அதில் 6 முதல் இரண்டு பெஞ்சுக்கு, 2 நடுவில். பின் மூன்று பெஞ்சில் ஒரு கோடு கிடையாது. ‘புரிஞ்சுதா?’, ‘புரிஞ்சுது டீச்சர்!’ ஐந்து முறை. பின்னால் ஏன் சத்தம் என்பதற்கு அந்த வெற்றுக் கட்டங்களே பதில்.

அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் அவர் இரவெல்லாம் தூங்க மாட்டார். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, ‘இதைப் பாருங்க டீச்சர், உங்களுக்கு என்ன தெரியுது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவரே சொல்வார்: ‘பின்னாடி யாரையும் நான் கூப்பிடவே இல்லையே.’ ‘நல்லா நடத்துனீங்க, ஆனா…’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் முன்னால் சொன்னதெல்லாம் காதில் நிற்காது. பிறகு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. பதினாறில் ஒன்று. மற்றப் பதினைந்தும் உங்கள் கண்ணில் படத்தான் செய்யும். விட்டுவிடுங்கள், அவற்றில் பாதி தானாகவே சரியாகும்.

அந்த ஒன்று, கேள்வி கேட்டதும் மூன்று விநாடி காத்திருப்பதாக இருக்கலாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ‘மூணு விநாடி நில்லுங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தால் பயனில்லை. காலி வகுப்பில் இருவரும் நின்று ஒத்திகை பாருங்கள். முதலில் கேள்வி. பிறகு மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு. அதற்கப்புறம் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லாரும் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ‘புரிஞ்சுதா’வுக்குப் பதிலாக, விடையை எல்லாரும் ரஃப் நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம், நடந்துபோனால் ஒரு நிமிடத்தில் யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். நான்கைந்து தடவை வாய்விட்டுச் செய்து பார்த்தால்தான் வகுப்பில் வரும்.

உங்கள் வட்டாரத்துக்கென்று ஒன்று. ஆனி, ஆடி முழுக்க ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் என்ன பாடு படுத்தும் என்று கோவில்பட்டிப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. ஜன்னல் அடிக்கிறது, சார்ட் பறக்கிறது, பின் பெஞ்சுக்குக் குரல் போவதில்லை. புதியவர் அதற்கு மேல் கத்துகிறார், இரண்டு மாதத்தில் தொண்டை போய்விடுகிறது, பிள்ளைகளும் கத்தலுக்குப் பழகிவிடுகிறார்கள். செய்ய வேண்டியதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பின் நடுவில் நின்று தாழ்ந்த குரலில் பேசப் பழக்குங்கள். காற்று அடங்கத் தொடங்கும் நேரத்தில் அந்த மாற்றம் எளிது.

சத்தத்துக்கு மருந்தாக ஸ்டாஃப் ரூமில் யாராவது ‘ரெண்டு போடு போட்டாத்தான் அடங்கும்’ என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கம்பை எடுத்த டீச்சருக்கு அடுத்த முறை அதைவிடப் பெரிய கம்புதான் தேவைப்படும். தகுதிகாண் பருவத்தில் ஒரு புகார் வந்தால் அறிவுரை சொன்னவர்கள் யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

சாதியைப் பற்றியும் நேராகத்தான் பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை இந்த மாவட்டம் மறக்க முடியாது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கூடாது, அகர வரிசையில் இருக்கை என்பவையெல்லாம் அதில் உள்ள பரிந்துரைகள். வெளியூரில் இருந்து வந்தவருக்கு எந்த நிறக் கயிறு என்ன சொல்கிறது, எந்தத் தெருப் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டுகிறார்கள் என்பது தெரியாது. தெரியாமல் ‘நீ எந்தத் தெருப்பா?’ என்று வகுப்பில் கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாது; பிள்ளையைத் தனியே அழைத்துக் கையெழுத்து வாங்கட்டும். வருகைப் பதிவேடும் இருக்கையும் அகர வரிசையில் இருக்கட்டும். சீண்டலைக் காதில் கேட்டால் தானே தீர்க்கப் பார்க்காமல் அன்றைக்கே பெரிய சாரிடம் எழுத்தில் கொடுக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள். இதில் மூத்தவர்கள் ஒதுங்கி நின்றால் புதியவரும் ஒதுங்கித்தான் நிற்பார்.

காலாண்டுத் தாள் திருத்துவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து விடைத்தாளை நகலெடுத்து, பெயரை மறைத்து, ஆளுக்கொரு பிரதியாகத் தனித்தனியே திருத்துங்கள். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் நீங்கள் 4 போட்டிருப்பீர்கள், அவர் 1 போட்டிருப்பார், கடைசி விடை தப்பு என்பதற்காக. படிநிலைக்கு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பது அந்த ஒரு தாளில் விளங்கிவிடும். பாடம் நடக்கும்போதே தரும் வளரறி மதிப்பீடு 40, பருவ முடிவில் தேர்வாக வரும் தொகுத்தறி மதிப்பீடு 60 என்று அவர் படித்திருப்பார். அந்த 40க்குச் சான்றாக எதைக் கோப்பில் வைக்க வேண்டும், எந்தத் தேதியில் எழுத வேண்டும் என்பது தெரியாமல் கடைசி வாரம் முழுவதும் உட்கார்ந்து நிரப்புவார். உங்கள் கோப்பைத் திறந்து காட்டுங்கள்.

தமிழ் டீச்சரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். புகார் இல்லாதவர் நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். பள்ளி வழக்கம், கோப்பு, வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் ஆகியவற்றில் நீங்கள் அவருக்கு உதவலாம். செய்யுள் நடத்துவதிலும் கட்டுரை திருத்துவதிலும் உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம். உங்கள் பள்ளியில் மூத்த தமிழாசிரியர் இருந்தால் அவரையும், இல்லையென்றால் சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலும் தமிழ் விரிவுரையாளரைக் கேட்கலாம். அவரைச் சந்திக்கும் நேரம் மாலை மணி அடித்த பிறகு வேண்டாம். நாகர்கோவில் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் எதுவும் ஏறாது.

அரையாண்டு வரை வாரம் இரண்டு பாடவேளை, அதன் பிறகு ஒன்று, அடுத்த ஜூனில் இருந்து அவர் கேட்டால் மட்டும். நீங்கள் சொல்லாமலே ‘இன்னைக்கு எட்டாம் வகுப்புல ஒண்ணு செஞ்சு பாக்கப் போறேன், வாறீங்களா?’ என்று அவர் வந்து கூப்பிடும் நாளில் இருந்து குறைக்கத் தொடங்கலாம்.

திங்கட்கிழமை பெரிய சாரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். உங்கள் கால அட்டவணை, அந்த இருவரின் கால அட்டவணை, மூன்றையும் ஒரே தாளில் எழுதி, எந்தப் பாடவேளையை எதோடு மாற்றினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இரண்டு ஓய்வுவேளை பொருந்தி வரும் என்று பென்சிலில் குறித்துக் கொண்டுபோங்கள். ‘நேரம் வேணும் சார்’ என்று கேட்டால் பார்க்கலாம் என்பார். ‘செவ்வாய் மூணாவதையும் வியாழன் ஆறாவதையும் மாத்தினாப் போதும் சார்’ என்று தாளை நீட்டினால், அவர் செய்ய வேண்டியது கையெழுத்துப் போடுவது மட்டும்தான். ஒன்றுதான் தர முடியும் என்றால் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் பாடத் தயாரிப்புக்கு வையுங்கள். வகுப்பைப் பார்ப்பதை உங்கள் தனி ஓய்வுவேளையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளலாம்.